கொய்யாத் தோட்டத்துக் கல்லறை: இதுவரை தேறியது

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், சட்டக் கல்லூரிக் கட்டடத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறை தனியாக நிற்கிறது. சதுரமான அடிக்கட்டு, அதன் மேல் கூம்பி உயரும் கோபுரம். கொஞ்ச காலமாக ஓய்வு நேரத்தில் இதன் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். (காகிதத்தில்தான்!)

உள்ளே இருப்பவர்கள் இருவர். ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1680 மே மாதம் இறந்தார். அவர் மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பரில் எலிஹு யேலை மணந்தார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே பதிவான முதல் கல்யாணம் இதுதான். இவர்களுக்குப் பிறந்த டேவிட் நான்கு வயது நிரம்பும் முன்பே போய்விட்டான். அவனையும் அம்மாவின் முதல் கணவரோடு இங்கேயே புதைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்தது இந்த அப்பாவால்தான். இல்லையென்றால் இந்தக் கல்லறையை யார் சீண்டப் போகிறார்கள்.

என்னை ரொம்ப நாள் இழுத்தடித்தது டேவிட்டின் கல்வெட்டு. பிறந்தது 1684 மே 15, இறந்தது 1687 ஜனவரி 25 என்கிறது. அதே கல் அப்பாவைச் சென்னை ஆளுநர் என்றும் சொல்கிறது. யேல் ஆளுநரானதோ 1687 ஜூலையில். கல்லைப் பிற்பாடு வெட்டியிருக்கலாமே என்றும் யோசித்தேன். விடை காலண்டரில் இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. 1752-இல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். ஆக, கல்லில் உள்ள 1687 ஜனவரி நம் கணக்கில் 1688 ஜனவரி. பதவி, தேதி இரண்டும் சரியாகப் பொருந்திவிட்டன.

அப்புறம், கல்லறை மட்டும் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் எங்கே? இந்த இடம் முழுக்க ஆங்கிலேயர் இடுகாடு. கொய்யாத் தோட்டம் என்று பெயர். 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை இங்கிருந்த சமாதிகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கியது. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் சமாதிகளை இடித்து, பெயர் பொறித்த கற்களைப் புனித மேரி தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பாவிவிட்டார்கள். உடல்கள் இங்கே, பெயர்கள் அங்கே. ஹின்மர்ஸ் கோபுரம் எப்படியோ தப்பியது.

அதனால் இப்போது பாதி வேலை தேவாலய முற்றத்தில் நடக்கிறது. நடந்து நடந்து தேய்ந்த கற்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துகள் நிழல் கட்டி எழும்பும். நிழலான மூலைகளில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடிக்கிறேன். மாவு, சுண்ணாம்பு எதுவும் தேய்க்கக் கூடாது, கல் கெட்டுவிடும். கம்பெனியின் சென்னைத் தலைவர் ஆரன் பேக்கரின் மனைவி, 1652-இல் இறந்த எலிசபெத்தின் கல் இங்கேதான் இருக்கிறது.

பட்டியலில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள பழைய தேதிகளை 1687/88 என்பதுபோல் இரட்டை ஆண்டாகவே குறித்து வருகிறேன். லத்தீன் கற்கள் இன்னும் பாக்கி.