உடைந்த திரைக்குப் பின்னால்

ஜூன் 3
கேம்பாய், அண்ணனின் கையடக்க விளையாட்டுக் கருவி, ஓடுகிறது. கண்ணாடிதான் போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் இசை மாறுகிறது. அப்படியென்றால் படமும் உள்ளே உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூன் 4
ஆட்டம் இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் நினைவகத்தைத் தனியாகப் படித்துவிடச் சொல்கிறார்கள். மாட்டேன். அது அண்ணன் செருகியது.

ஜூன் 7
திரைக்குப் போகும் படத்தைக் கம்பிகளிலேயே பிடித்துக் கணினியில் காட்டப் போகிறேன். எனக்கு வேண்டிய கம்பிகள் ஐந்துதான்: தரவுக்கு இரண்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் துடிக்கும் பிக்சல் கடிகாரம், வரியின் தொடக்கம், ஃபிரேமின் தொடக்கம். ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு பிட். அதனால் நான்கு சாயல்கள். 160 × 144 பிக்சலைச் சேர்த்தாலும் ஒரு ஃபிரேமுக்கு 5,760 பைட்தான். இவ்வளவு சிறிய படமா அத்தனை மாலைகளை விழுங்கியது!

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. கடிகாரம் 4.19 மெகாஹெர்ட்ஸ். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணிப்பலகைக்கு இரண்டு துடிப்புகளுக்கு இடையே நான்கு கட்டளைகள்கூட முழுதாகக் கிடைக்காது. அதன் நினைவகமோ 2 கிலோபைட். ஆர்பி2040 என்ற சிப் சரிப்படும்: 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது; மேலும் அதன் பிஐஓ என்ற உள்ளீடு-வெளியீட்டுப் பகுதி, முதன்மைச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் தானாகவே துடிப்புக்குக் காத்திருந்து பிட்களை அள்ளிக்கொள்ளும். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 8
சேமித்த ஆட்டத்தைக் காக்கும், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால்?

ஜூன் 12
மின்னழுத்தத்தை இறக்கித் தரும் 74எல்விசி245 சிப் இன்னும் வரவில்லை. கேம்பாய் பேசுவது 5 வோல்ட்டில், ஆர்பி2040 தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் அந்தச் சிப் இல்லாமல் ஒரு கம்பியையும் தொடக்கூடாது. அம்மா இன்று மறுபடியும் கேட்டார். நாளை என்றேன்.

ஜூன் 13
வரவில்லை.

ஜூன் 15
வந்தது! மதியமே பற்றவைத்துவிட்டேன். துடிப்பு ஏறும்போது படித்தால் வெறும் புள்ளிக்கூட்டம்; இறங்கும்போது படித்ததும் கணினித் திரையில் எழுத்துகள் நின்றன. அம்மாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்தார்.

ஜூன் 16
பேட்டரி தீரவில்லை. சேமித்த ஆட்டம் இருக்கிறது. அண்ணன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரும் இருக்கிறது, மூன்றே எழுத்துகளில்.

ஜூன் 17
அடிவரிகள் சில நடுங்குகின்றன. ஒயர்கள் நீளம் என்று சந்தேகம். கடிகாரக் கம்பியைக் குட்டையாக்கி, அதன் பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் கம்பியும் ஓட்டப் போகிறேன். அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆடலாமா என்று அம்மா கேட்கிறார். பதில் சொல்லவில்லை.