கொழந்தைய பக்கத்துல உக்கார வெக்கிறது ஏர்லைனோட வேலை

மே மாச லீவுக்கு டிக்கெட் போடுற நேரம் வந்தாலே எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இந்தக் கேள்வி வந்துடும். "நாலு பேர் போறோம், சீட்டுக்கு காசு கட்டணுமா, கட்டலன்னா பிரிச்சுப் போட்டுடுவாங்களா?" தனித்தனியா பதில் சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு நெறையவே கோவம் இருக்கு.

சின்னக் கொழந்தைய அம்மா இல்ல அப்பா பக்கத்துல உக்கார வெக்கிறது ஏர்லைனோட பொறுப்பு. அதுக்குத் தனியா காசு வாங்கக்கூடாது, பக்கத்து சீட்காரர் மனசு வெச்சாதான் நடக்கும்னு விடவும் கூடாது.

சீட் நம்பரே இல்லாம ரொம்ப வருஷம் ஓட்டுனது அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். 1971ல டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நடுவுல ஆரம்பிச்ச கம்பெனி. எங்க அக்கா டல்லாஸ்ல இருக்கறதால இது எங்க வீட்ல அடிக்கடி அடிபடுற பேர். அப்போல்லாம் போர்டிங் பாஸ்ல ஏ, பி, சின்னு ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும், அந்த வரிசைல ஏறி காலியா இருக்கற எடத்துல உக்காந்துக்கலாம். தாம்பரத்துல அன்ரிசர்வ்டு பெட்டில துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரிதான், ஆனா வரிசை ஒழுங்கா இருக்கும். ஆறு வயசும் அதுக்குக் கீழயும் உள்ள கொழந்தைங்களோட வர்றவங்கள ஏ குரூப் முடிஞ்சதும் பி குரூப்புக்கு முன்னாடி ஏத்திடுவாங்க. அக்கா சொல்லுவா, அந்த நேரத்துல ஏறினா முன்பக்கம் பாக்கவே வேணாம், நேரா பின்னாடி போயிடணும், எல்லாரும் முன்னாடி உக்காரத்தான் அடிச்சுப்பாங்க, பின்னாடி மூணு சீட்டும் சேர்ந்தாப்ல காலியா கெடக்கும், நாலாவது ஆள் நடைபாதைக்கு அந்தப்பக்கம் உக்காந்துட்டா வேலை முடிஞ்சுது.

கஷ்டம் எங்க இருந்துதுன்னா கொழந்தைக்கு ஏழு வயசு ஆனப்புறம். அப்போ அந்த முன்னுரிமை கெடையாது. ஃப்ளைட்டுக்கு சரியா 24 மணி நேரம் முன்னாடி செக்-இன் பண்ணி நல்ல நம்பர் வாங்கணும், இல்லன்னா காசு கட்டி முன்னாடியே வாங்கணும். சி குரூப்ல மாட்டினா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு நடு சீட்டுங்க மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஏழு வயசுக் கொழந்த தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல உக்காரணுமா? 2026 ஜனவரி 27லேந்து அங்கயும் சீட் நம்பர் வந்துடுச்சு. யூரோப்ல ரயன்ஏர் 2014லயே மாறிடுச்சு. நம்ம ஊர்ல 2003ல வந்த ஏர் டெக்கான்லயும் ஆரம்பத்துல சீட் நம்பர் கெடையாது, மொதல்ல ஏறினவங்களுக்கு மொத சீட்.

சரி, இப்போ எல்லாத்துலயும் நம்பர் இருக்கே, பிரச்சனை தீந்துதான்னா இல்ல. அப்போ சீக்கிரமா போய் நின்னா எடம் கெடச்சுது, இப்போ காசு கட்டினா கெடைக்குது, அவ்ளோதான் மாறியிருக்கு.

போன வருஷம் சென்னைலேந்து டெல்லி போறப்ப (எந்தக் கம்பெனின்னு வேணாம்) நான் 9வது வரிசை, எங்க வீட்டுக்காரர் 22, அஞ்சு வயசுப் பொண்ணு 27. மூணு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்தான். கவுன்டர்ல இருந்த பொண்ணு "ஃபுல் ஆயிடுச்சு மேடம், உள்ள போய் யாரையாவது கேட்டுப் பாருங்க"ன்னுட்டாங்க. உள்ள போய் பொண்ணு பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட கேட்டேன், "சார், கொழந்த தனியா இருக்கு, கொஞ்சம் மாத்திக்கறீங்களா?" அவர் "இல்லம்மா, முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கு, கால் நீட்டணும்னு இந்த ஓர சீட்டுக்கு தனியா காசு கட்டியிருக்கேன்"னார். பின்னாடி இருந்தவங்க அவர மனசாட்சியே இல்லாதவர்ங்கற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அவர் மேல கோவமே வரல, அவர் சொன்னது நியாயம். ஏர்லைன் செய்யாத வேலைக்கு முட்டி வலியோட இருக்கற மனுஷன் எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கணுமா? கடைசில விண்டோ சீட்ல இருந்த ஒரு காலேஜ் பையன் எந்திரிச்சு என் சீட்டுக்குப் போனான், அவன் நல்லா இருக்கணும்.

அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது, இதுக்கு நம்ம நாட்ல உத்தரவே இருக்கு. 2024 ஏப்ரல்ல டிஜிசிஏ (ஏர்லைன்களக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) சொல்லிட்டாங்க, 12 வயசு வரைக்கும் உள்ள கொழந்தைக்கு, அதே பிஎன்ஆர்ல வர்ற அம்மா அப்பா இல்ல கார்டியன்ல ஒருத்தர் கூடவாவது சீட் குடுக்கணும், அதுக்கு ரெக்கார்டும் வெச்சிருக்கணும்னு. அமெரிக்காவுல அதே வருஷம் ஆகஸ்ட்ல 13 வயசு வரைக்கும் காசில்லாம பக்கத்துல உக்கார வெக்கணும்னு போக்குவரத்துத் துறை ஒரு வரைவு விட்டாங்க. இதுல நம்மளோடது முன்னாடியே வந்துடுச்சு, ஆனா நம்மள்ல எத்தன பேருக்கு தெரியும்?

இத வெறும் வசதின்னு நெனைக்காதீங்க. ஆக்சிஜன் மாஸ்க் மொதல்ல நீங்க போட்டுக்கிட்டு அப்புறம் கொழந்தைக்குப் போடுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க, கொழந்த 27ல இருந்தா எப்படிப் போடறது? பாதிக் கதவுங்கள மட்டும் வெச்சு 90 செகண்டுல எல்லாரும் வெளிய வந்துட முடியும்னு காட்டினாதான் விமானத்துக்கே சர்டிபிகேட். அந்த நேரத்துல ஒரு அம்மா கொழந்தையத் தேடி எதிர்ப்பக்கமா ஓடினா அந்த நடைபாதைல இருக்கற எல்லாருக்கும்தான் ஆபத்து.

இப்போ டிக்கெட் போடறவங்களுக்கு. அந்த உத்தரவுல உயிர்நாடி ஒரே பிஎன்ஆர்தான். நாலு டிக்கெட் ஒண்ணா தேடினா ரேட் ஏறுது, ரெண்டு ரெண்டா தேடினா கம்மியா காட்டுதுன்னு நெறைய பேர் பிரிச்சுப் போடறாங்க. (கம்மி ரேட்ல ரெண்டு சீட்தான் மிச்சம்னா நாலு பேருக்கும் அடுத்த ரேட்டப் போட்டுடும், அதனாலதான்.) பிரிங்க, தப்பில்ல, ஆனா பெரியவங்க ரெண்டு பேர் ஒரு பிஎன்ஆர், கொழந்தைங்க ரெண்டும் இன்னொண்ணுன்னு பிரிச்சுடாதீங்க, ஒவ்வொரு கொழந்தையோடயும் ஒரு பெரியவங்க இருக்கற மாதிரி பிரிங்க. இன்னொண்ணு, குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து உக்காரலாம்னு அதுல இல்ல, ஒருத்தர் கூடன்னுதான் இருக்கு. தாத்தா பாட்டியும் அதே வரிசைல கண்டிப்பா வேணும்னா காசு கட்ட வேண்டி வரலாம்.

வெப் செக்-இன்ல சீட்டுங்க எல்லாத்துக்கும் ரேட் போட்டிருக்கறதப் பாத்து பயந்து கட்டிடாதீங்க. சீட் செலக்ட் பண்றது உங்க விருப்பம், கட்டாயம் இல்ல, பண்ணலன்னா அவங்களே ஒரு சீட் போட்டுக் குடுக்கணும். அப்படிப் போட்ட சீட்ல கொழந்தையப் பிரிச்சுப் போட்டிருந்தா மீனம்பாக்கத்துக்கு சீக்கிரமே போய் கவுன்டர்லயே முடிச்சுடுங்க, பேக் உள்ள போறதுக்கு முன்னாடி. "டிஜிசிஏ ரூல் இருக்கு, 12 வயசு வரைக்கும், ஒரே பிஎன்ஆர்"னு சத்தம் போடாம சொல்லுங்க, முடியாதுன்னா டியூட்டி மேனேஜரக் கூப்பிடச் சொல்லுங்க. கேட் வரைக்கும் இழுக்கவே இழுக்காதீங்க, அங்க வந்துட்டா அவங்களாலயே ஒண்ணும் பெருசா மாத்த முடியாது.

அப்பவும் நடக்கலன்னா போர்டிங் பாஸ் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு மொதல்ல ஏர்லைனுக்கு எழுதுங்க, சரியான பதில் வரலன்னா ஏர்சேவாங்கற அரசாங்கப் புகார் போர்ட்டல்ல போடுங்க. நான் மெயில் போட்டப்ப "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு வரி வந்துது. ரெக்கார்டு காட்டுங்கன்னு திரும்பக் கேட்டிருக்கேன், பதில் வந்ததும் எழுதறேன்.