நீலனின் வால்

ஜூன் 4

என் ஃபைட்டர் மீன் நீலனின் வால் ஓரம் பிய்ந்திருக்கிறது. தானே கடித்துக்கொண்டானா, அழுகலா? ஃபைட்டர் மீன்களுக்குத் தன் வாலைத் தானே கடிக்கும் பழக்கம் உண்டு, நீள வால்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. கடித்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு துண்டு காணாமல் போகும். வெட்டு சுத்தமாக, பிறை வடிவில் இருக்கும். இவனுக்கு அப்படியில்லை. ஓரம் கறுத்து, நுனி நுனியாகக் கரைந்துகொண்டே வருகிறது. ஓரிடத்தில் மெல்லிய சிவப்புக் கோடும் தெரிகிறது. அழுகல்தான்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உடம்பையும் பார்த்தேன். வெல்வெட் நோய் என்றால் தோலில் தங்க நிறத்தில் மினுக்கும். இக் என்ற ஒட்டுண்ணி நோய் என்றால் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இரண்டும் இல்லை. மேலிருந்து பார்த்தால் செதில்கள் படிந்தே இருக்கின்றன. அவை சிலிர்த்து நின்றிருந்தால் உள்ளே நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து மீளும் மீன்கள் குறைவு.

ஜூன் 5

தண்ணீரைச் சோதித்தேன். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளில் அம்மோனியா 0.5, நைட்ரைட் 0. இரண்டுமே பூஜ்யமாக இருக்க வேண்டும். ஃபில்டரைத் திறந்து பார்த்தால் மோட்டாரின் விசிறி தேய்ந்து, நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

“ஃபைட்டருக்கு ஒரு கிண்ணம் போதும், அது காற்றைக் குடித்தே உயிர் வாழும்” என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே வந்து காற்றை உள்ளிழுக்க லேபிரிந்த் என்ற உறுப்பு அதற்கு இருப்பது உண்மைதான். ஆக்ஸிஜன் குறைந்த நீரில் அது காப்பாற்றும். ஆனால் செவுளையும் துடுப்பையும் அம்மோனியா எரிப்பதை அந்த உறுப்பு எப்படித் தடுக்கும்?

இன்று மருந்து இல்லை. குளோரின் நீக்கிய, அதே சூட்டிலுள்ள தண்ணீரைக் கொண்டு பாதித் தொட்டியை மாற்றினேன். ஃபில்டருக்குப் புது விசிறி போட்டாயிற்று. ஆரம்பநிலை வால் அழுகல் பெரும்பாலும் நல்ல தண்ணீருக்கே அடங்கிவிடும்.

ஜூன் 6

அடங்கவில்லை. நீலனைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன்: 10 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஹீட்டர், மறைந்துகொள்ள ஒரு குவளை. மணல் இல்லை, செடி இல்லை. பெரிய தொட்டியிலேயே உப்புப் போட்டால் செடிகள் தாங்காது. மருந்து போட்டால் ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைக் குறைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கும்.

10 லிட்டருக்கு 15 கிராம் உப்பு. எதுவும் கலக்காத வெறும் உப்பைத் தனியாகக் கரைத்து, சில மணி நேர இடைவெளியில் பகுதி பகுதியாக ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த மட்டத்தை நிரப்பும்போது வெறும் தண்ணீர்தான். வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டுமே மறுபடி உப்பு.

ஜூன் 9

சிவப்புக் கோடு வாலின் அடிப்பக்கம் நோக்கி ஏறியிருக்கிறது. முதுகுத் துடுப்பின் கீழே சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் வேறு.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ‘பூஞ்சை’ என்று முடிவு கட்டுவதும், எந்த நோய்க்கும் ஹீட்டரைத் திருகிச் சூட்டை ஏற்றுவதும் மீன் வளர்ப்பவர்களிடம் ஊறிப்போனவை. சூட்டை ஏற்றுவது இக் ஒட்டுண்ணிக்கான வழி. இந்தப் படலம் காலம்னாரிஸாக இருக்கலாம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பாக்டீரியா, சூடான நீரில் இன்னும் வேகமாகப் பரவும். அதனால் 27 டிகிரியிலிருந்து மெதுவாக 25-க்கு இறக்கினேன். அதற்கும் கீழே போனால் ஃபைட்டர் சுருண்டுவிடும்.

மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். பாக்டீரியா என்றே அவரும் சொல்கிறார். நைட்ரோஃபியூரசோன் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 10

மருந்து ஆரம்பம். ஃபில்டர் இல்லாத பெட்டி என்பதால் கார்பன் பிரச்சினை இல்லை. ஃபில்டர் இருந்தால் கார்பனை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும் என்பதால் பெட்டியைத் துணியால் மூடினேன். கையுறை இல்லாமல் தொடவில்லை. மனிதர்கள் உண்ணும் மீன்களுக்குப் பல நாடுகள் தடை செய்த மருந்து இது.

வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவதை வைத்தியம் என்று சொல்லமாட்டேன். என்ன கிருமி, எத்தனை லிட்டர், எவ்வளவு மருந்து என்ற கணக்கு எதுவும் அதில் இல்லை.

ஜூன் 12

சாப்பிடவில்லை. போட்ட குருணையை வாயில் வாங்கித் துப்பினான். உடனே உறிஞ்சி எடுத்துவிட்டேன், இந்தப் பெட்டியில் அழுகும் தீனியும் அம்மோனியாதான். தினமும் பாதித் தண்ணீர், அதாவது 5 லிட்டர் மாற்றுகிறேன். மறுபடி சேர்ப்பது அந்த 5 லிட்டருக்கான மருந்தும் உப்பும் மட்டும்.

கூடவே மெத்திலீன் ப்ளூ என்ற இன்னொரு மருந்தையும் ஊற்றலாமா என்று கை பரபரக்கிறது. வேண்டாம். இரண்டையும் கலந்தால் எது வேலை செய்தது, எது வதைத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

ஜூன் 14

படலம் போய்விட்டது. சிவப்பும் வெளுத்திருக்கிறது. மூன்று குருணை தின்றான்! தேறிவிட்டான் என்று இப்போதே மருந்தை நிறுத்தினால் தப்பிப் பிழைத்த கிருமிகள் அடுத்தமுறை அதற்கு அசையாமல் போகலாம். மருத்துவர் சொன்ன நாள்வரை போகும்.

ஜூன் 18

மருந்து முடிந்தது. கார்பன் போட்ட சின்ன ஃபில்டர் மஞ்சளை இழுத்துக்கொண்டிருக்கிறது. உப்பையும் ஒரேயடியாக எடுக்காமல், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சேர்க்காமல் விட்டு மெல்லக் குறைக்கிறேன்.

ஜூன் 25

வால் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு விளிம்பு வந்திருக்கிறது. புதுத் துடுப்பு நிறமில்லாமல்தான் வளரும், நீலம் பிறகே ஏறும். இதைப் பார்த்துத் திரும்ப நோய் வந்துவிட்டது என்று மறுபடி மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. கறுப்பும் சிவப்பும் இல்லாத, நாளுக்கு நாள் அகலமாகிற விளிம்பு என்றால் அது வளர்ச்சிதான்.

பெரிய தொட்டியில் அம்மோனியா 0, நைட்ரைட் 0. சிறுகச் சிறுக அந்தத் தண்ணீருக்குப் பழக்கி நீலனை விட்டேன். போனதும் முதல் வேலையாகக் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் செவுளை விரித்தான். வலை, குழாய், பெட்டி எல்லாம் கழுவி வெயிலில் காய்கின்றன. அவற்றைப் பெரிய தொட்டிக்குப் பயன்படுத்தப்போவதில்லை.