அந்தக் கையில் பாருங்கள், சிஸ்டர்

ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் அந்தப் பெண் வலது கையைத்தான் நீட்டுவாள். இடப்பக்கம் போய் நின்றால், "இது வேண்டாம், அந்தக் கையில் பாருங்கள், சிஸ்டர்" என்பாள். பன்னிரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

பிளஸ் டூ மாணவி. மயங்கி விழுந்து, ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்த நிலையில் வந்திருந்தாள். பொட்டாசியம் அந்த அளவுக்குக் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "வயசுப் பெண்ணின் அடம்" என்றார் அம்மா. நாங்களும் அதை அடமாகத்தான் நடத்தினோம். தட்டு காலியாகும்வரை யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். டியூட்டி மாறும்போது எல்லோரிடமும் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் காலை இடது கையில் புதுக் காயம். அருகில், ஆறிப்போன பழைய தழும்புகள்.

மனநல மருத்துவர் அவளிடம், "செத்துப்போக வேண்டும் என்று தோன்றியதா?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று அதுவரை நம்பியிருந்தேன். அது தவறான நம்பிக்கை. அவள் இல்லையென்று தலையசைத்தாள். "சாப்பிட்டதும் உள்ளே ஏதோ முட்டுகிறது, டாக்டர். யாரிடம் சொல்வது?"

பட்டினி, வாந்தி, காயம் எல்லாமே அவளுக்குச் சொல்ல வாய் வராத அந்த ஒன்றுக்காகத்தான். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு வெட்கம் வந்து இன்னும் அழுத்தும். நாங்கள் ஒன்றைத் தடுத்தோம், மற்றது தலைதூக்கியது. சாகும் எண்ணமில்லாமல் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பதால், "கவனத்தை ஈர்க்கச் செய்கிறாள்" என்ற பேச்சை இப்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்தும் பழக்கமும் உள்ளவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சைமுறையைப் பின்னர் உணவுக் கோளாறுகளுக்கும் தகவமைத்தார்கள். பொங்கும் உணர்ச்சியைத் தாங்கிக் கடக்கப் பழக்குவதுதான் அதன் மையம். அதைப் படித்தபோது அவள் சொன்ன 'முட்டுகிறது' என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் சாப்பாட்டுச் சிக்கலோடு வரும் பிள்ளைகளிடம், தனியாக இருக்கும்போது, மெதுவாகத் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். காயத்தோடு வருபவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

அவள் வீட்டுக்குப் போன அன்று டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறம் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அம்மா அதைத் தன் போனிலும் பதிந்துகொண்டார்.