கரகரப்பு தட்டில் மட்டும் இல்லை

அப்பா சேர்த்துவைத்த, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய ஈ.பி. இசைத்தட்டுகளுள், 1960களில் வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல் தட்டு ஒன்றை அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளில் கேட்டேன். என் வீட்டில் வயலின் முன்னிசை முழுவதும் அப்பளம் பொரிவதுபோல் சடசடத்தது. குறுக்கே விழுந்திருந்த கீறல், ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 1.33 நொடிக்கு ஒருமுறை, 'டப்' என்று அறைந்தது. நண்பர் வீட்டிலும் அந்தக் கீறல் கேட்டது. ஆனால் அது பாட்டுக்குப் பின்னால் எங்கோ சிறிதாக ஒலித்தது. இடையில் தட்டை நான் கழுவவில்லை, துடைக்கவும் இல்லை.

நண்பரிடம் இருந்த, ஆனால் என்னிடம் இல்லாத முதல் பொருள், இடவலச் சேனல்கள் இரண்டையும் ஒன்றாக்கும், ஆம்ப்ளிஃபையரின் மோனோ பொத்தான். அந்தக் காலத்து மோனோ (ஒற்றைச் சேனல்) தட்டில் பாட்டு முழுவதும், பள்ளம் எனும் மெல்லிய கோட்டில் ஓடும் ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருக்கிறது. ஊசி மேலும் கீழும் துள்ளினால், அது தூசி, தேய்மானம், அல்லது பள்ளம் குறுகும் இடத்தில் ஊசி மேலே தள்ளப்படுவது ஆகிய ஏதோ ஒன்றால் வருவது. அதில் இசை துளியும் இல்லை. ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜோ பள்ளத்தின் இரு சுவர்களையும் 45 பாகைச் சாய்வில் தனித்தனியே படிப்பதால், அந்தத் துள்ளலையும் சேர்த்தே ஒலியாக்குகிறது. இரண்டு சேனல்களையும் ஒன்றாகக் கூட்டும்போது மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, பாட்டு அப்படியே நிற்கிறது. அவர் பொத்தானை அழுத்தியும் எடுத்தும் காட்டியபோது, சடசடப்பு அறை முழுவதும் பரவுவதும் மறுநொடி சுருங்கி நடுவில் அடங்குவதுமாக இருந்ததை நான் மறக்கவே மாட்டேன். பழைய தமிழ்ப் பாடல் தட்டுகளைச் சேர்ப்பவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைத்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊசியின் வடிவமும் முக்கியம்தான். அந்நாளைய பிளேயர்களின் கனத்த உருண்டை ஊசிகள் பள்ளச் சுவரில் ஓர் உயரத்தில் தேய்த்துவைத்திருக்கும். ஷிபாட்டா போன்ற நீள்தொடுகை ஊசி தேயாத பகுதியையும் தொடுவதால் சில தட்டுகள் புதுக்குரல் பெறுகின்றன. ஆனால் ஆழத்தில் அமர்ந்த அழுக்கையும் அது தொட்டுவிடும். தட்டைக் காப்பதாக எண்ணி ஊசியழுத்தத்தைப் பரிந்துரைத்த அளவுக்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. ஆனால் அப்போது ஊசி சுவரை விட்டு விலகி அதிர்ந்து, தட்டைத்தான் புண்ணாக்கும்.

நான் கவனிக்காமலே விட்டிருந்தது கேபிள். காந்தம் அசையும் எம்.எம். வகைக் கார்ட்ரிட்ஜின் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. 500 மில்லிஹென்ரி சுருளோடு 500 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அது 10,000 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. சடசடப்பின் கூர்மை காதில் குத்தும் இடம் அதுதான். 200 பிக்கோஃபாரட் என்றால் ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்துவிடுகிறது. என் நீண்ட கேபிளை எடுத்துவிட்டு அரை மீட்டர் கேபிளைப் போட்டவுடன், 'டப்' என்ற அறைதலின் முனை மழுங்கியது.

கடைசியாக, கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ். கீறலைக் கடக்கும்போது ஊசி திடீரென எறியப்படுவதால், பாட்டின் சில மில்லிவோல்ட்டைப் பல மடங்கு மிஞ்சும் துடிப்பு ஒன்று எழுகிறது. அதைத் தாங்கும் இடம் இல்லாத மின்சுற்று தன் உச்சத்தில் முட்டி, மீள்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. கணத்தில் முடிய வேண்டிய ஒலிக்கு ஒரு வால் முளைக்கிறது. என் மலிவான பெட்டி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மோனோ பொத்தானும் போதிய தாங்குதிறனும் உள்ள ஒன்றை அதற்குப் பதிலாக இப்போது வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு அதே ஈ.பி.யைப் போட்டேன். முன்னிசையில் கீறல் வந்தது, ஒரு சிறு தட்டலாக. அதற்குப் பின்னால் வயலின் வில் தந்தியை விட்டு எழும் ஓசையை முதன்முறையாகக் கேட்டேன். அப்பா இருந்திருந்தால் அவரையும் அழைத்து உட்காரவைத்திருப்பேன்.