கண்மாய் ஏன் வற்றவில்லை?

ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் டி.எல்.டி. என்பார்கள். டப்பாவைக் குலுக்கினாலே எத்தனை மிச்சம் என்று சொல்லிவிடுவேன். பதினோரு வருடமாக மாத்திரையோடு குடித்தனம்.

போன மாதம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு ரிசல்ட் வந்தது. ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, வைரஸ் தென்படவில்லை.

“அண்ணே, அதான் ஒண்ணுமே இல்லைங்குறாங்களே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்றாள் தங்கை. நியாயமான கேள்விதான்.

எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் எதிர்ப்பு சக்திப் படையின் சிடி4 செல்லின் மரபணுவோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. அந்தச் செல் தூங்கிப்போனால் மருந்துக்கும் அகப்படாது, எதிர்ப்பு சக்திக்கும் அகப்படாது. இப்படிப் பதுங்கிய செல்களின் தேக்கத்துக்குப் பெயர் ரிசர்வாயர். கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் வற்ற வேண்டுமே? மருந்துதான் புதிய தொற்றை நிறுத்திவிட்டதே! கணக்குப் போட்டிருக்கிறார்கள்: இந்தத் தேக்கம் பாதியாகக் குறையவே சராசரி 44 மாதம். முழுக்க வற்ற 70 வருடத்துக்கு மேல்.

காரணம், உள்ளே ஊற்று இருக்கிறது. பதுங்கிய செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளிருக்கும் வைரஸ் மரபணுவும் கூடவே நகலாகிறது. செல்களை இப்படிப் பிரியச் சொல்லித் தூண்டுவதில், எதிர்ப்பு சக்தி ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும் அழற்சிக்கும் பங்கு உண்டு. தொற்றின் ஆரம்ப வாரங்களிலேயே குடல் சுவரின் சிடி4 செல்கள் ஏராளமாக அழிந்துபோகின்றன. கரை பலவீனமாகி, குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. எதிர்ப்பு சக்திக்கு ஓய்வே இல்லை. போதாததற்கு, பதுங்கிய செல்கள் சில அவ்வப்போது விழித்து வைரஸ் புரதத்தை வெளியே விட, அழற்சி இன்னும் கூடுகிறது. அது இதை வளர்க்க, இது அதை வளர்க்க, மாமியார் மருமகள் சண்டை மாதிரி.

அழற்சியைத் தணித்துத் தேக்கத்தை வற்றவைக்கும் மாத்திரை இன்னும் கைக்கு வரவில்லை. அழற்சி கெடுக்கும் இதயத்துக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: 2023-இல் வந்த ரிப்ரீவ் ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை சாப்பிட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 35 சதவீதம் குறைந்தன.

என் பங்குக்கு சிகரெட்டை விட்டாயிற்று. அடுத்தது ஈறு. வருடக்கணக்காக வீங்கிக் கிடக்கிற ஈறும் அழற்சிதான் என்று டாக்டர் திட்டினார். வியாழக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறேன். போன தடவை ஒரு கிளினிக்கில் உண்மையைச் சொன்னதும் “மெஷின் ரிப்பேர்” என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.