மகள் மறைத்த நாய்க்கடி

மகளைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு பல்தடம். கேட்டதும் அழுதுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் தெருவில் ஒரு நாய்க்குட்டி கடித்திருக்கிறது. திட்டுவேன் என்று பயந்து சொல்லவில்லை. அவளுக்கு 7 வயது. ரேபிஸ் சந்தேகமுள்ள கடிகளில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் நேர்கிறது என்பதைப் பிறகு படித்தபோது வயிறு கலங்கியது.

ஓர் இரவு கடந்திருந்தாலும் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அப்புறம் ஓடினோம்.

முதலில் போன இடத்தில், "குட்டி நாய்தானே, சின்னக் காயம்" என்று சொல்லி டிடி ஊசி மட்டும் போட்டார்கள். டிடி தடுப்பது டெட்டனஸை, ரேபிஸை அல்ல. நல்லவேளை, அது எனக்குத் தெரிந்திருந்தது. குட்டிக்கும் ரேபிஸ் வரும். தோல் கிழிந்து ரத்தம் கசிந்தாலே அது மூன்றாம் வகைக் கடி, அதாவது மிக ஆபத்தான வகை. விரல் நுனியில் நரம்புகள் நெருக்கம். வைரஸ் நரம்பு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

வேறு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த மருத்துவர் காயத்தைப் பார்த்ததுமே மகளின் எடையைக் கேட்டார். இம்யூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்புச் சக்தியை நேரடியாகத் தரும் மருந்தின் அளவை எடை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்துக்குள்ளேயே வைரஸை மடக்கி வைப்பது இந்த மருந்து. தடுப்பூசி மட்டும் போட்டு இதை விட்டுவிட்டதால் போன உயிர்களும் உண்டு என்றார். விரல் நுனியில் சதையே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, காயத்தைச் சுற்றி ஏற்றினார்கள். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அவள் கையை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு தோளில் முதல் தடுப்பூசி.

நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். தேடிப் போனோம், குட்டி அங்கே இல்லை. ஆக, எல்லா ஊசியும் போட்டே தீர வேண்டும்: 3, 7, 14, 28ஆம் நாட்களில். மூன்றும் ஏழும் பயத்திலேயே போய்விட்டன. பதினான்காம் நாளுக்குள் விரல் ஆறி, தழும்புகூடத் தெரியவில்லை. "எனக்குத்தான் சரியாயிடுச்சே, எதுக்கும்மா ஊசி?" என்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடித்து இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட ரேபிஸ் தலைகாட்டும், அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசிக்கு அவளே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். திரும்பி வரும் வழியில், "இனிமே நாய் கீறினாக்கூட உடனே சொல்லிடுறேம்மா" என்றாள்.